ஃப்ரீபிஎஸ்டி 15: அடிப்படை சிஸ்டம் பேக்கேஜாகவா, பழையபடியா?

ஃப்ரீபிஎஸ்டி என்பது யூனிக்ஸ் வகை இலவச இயங்குதளம். 2025 டிசம்பரில் வந்த அதன் 15.0 பதிப்பை நிறுவும்போது ஒரு புதுக் கேள்வி வரும். அடிப்படை சிஸ்டத்தை, அதாவது கர்னலையும் அதோடு வரும் கருவிகளையும், பழைய டிஸ்ட்ரிபியூஷன் செட்களாக (பெரிய மூட்டைகளாக) போடுவதா, தனித்தனிப் பேக்கேஜ்களாகப் போடுவதா? பேக்கேஜ் பக்கத்தில் 'டெக் ப்ரிவ்யூ' (இன்னும் முன்னோட்ட நிலை) என்று இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை தயங்கும். நான் பேக்கேஜையே எடுத்தேன். புதிதாக சர்வர் போடுபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

பழைய முறை தெரிந்ததுதான். கர்னல் ஒரு மூட்டை, மற்றதெல்லாம் இன்னொரு பெரிய மூட்டை. அப்புறம் 6.2 காலத்திலிருந்து கூடவே வரும் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்ற கருவி வழியாகத் திருத்தங்கள். நம்பகமான கருவி, குறை சொல்ல மனம் வராது. நிறுவுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் பராமரிப்பில்தான். பழைய முறையில் ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போவதை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன பேட்ச்கள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இன்ஸ்டால், ரீபூட், மறுபடி இன்ஸ்டால், மென்பொருள்களைப் புதுப்பித்தல், பழைய லைப்ரரிகளை நீக்க இன்னொரு இன்ஸ்டால். நடுவில் நீங்கள் கைவைத்த கான்ஃபிக் ஃபைல் எதுவும் மோதினால் எடிட்டர் திறந்துகொள்ளும். ஒத்துப்போனால்கூட 'இது சரியாகத் தெரிகிறதா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இரவு பதினொரு மணிக்கு அந்தக் கேள்விக்கு 'ஒய்' அடித்துக்கொண்டே போகும் கை, பாஸ்வேர்டு ஃபைலுக்கும் 'ஒய்' அடித்துவிடும்.

பேக்கேஜ் முறையில் நீங்கள் தொடாத ஃபைல் பேசாமல் மாறிவிடும். தொட்டதை இணைக்கப் பார்க்கும். முடியாவிட்டால் உங்களுடையதை அப்படியே விட்டு, புதியதை '.பிகேஜிநியூ' என்ற பெயரில் பக்கத்தில் வைத்துவிடும். காலையில் காபி குடித்துவிட்டு, அந்தப் பெயரில் உள்ளவற்றைத் தேடி எடுத்து நிதானமாக ஒப்பிடலாம். எனக்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்று, எந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்டி யாருடையது என்று, பேக்கேஜ்களைக் கையாளும் பிகேஜி கருவியில் 'பிகேஜி விச்' கொடுத்தால் பேக்கேஜின் பெயரைச் சொல்கிறது. பழைய முறையில் 'பதிவில் இல்லை' என்றுதான் வரும். ஜெயிலுக்குள் (ஒரே இயந்திரத்தில் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழலுக்குள்) கம்பைலர் வேண்டாம் என்றால் அந்தப் பேக்கேஜைப் போடாமலே விடலாம். ஸ்டேபிள் கிளையில் (வெளியீடுகளுக்கு நடுவே மாறிக்கொண்டே வரும் கிளையில்) ஓடுபவர்களுக்கும் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யாமல் அப்டேட் கிடைக்கிறது. பழைய கருவியில் அதற்கு வழியே இல்லை.

இரண்டு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. நிறுவிய மென்பொருள் எல்லாவற்றையும் 'பிகேஜி டெலீட்' மூலம் ஒரே வீச்சில் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். இப்போது அடிப்படை சிஸ்டமும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது. அடுத்தது, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் தானாகவே ஒரு பூட் என்விரான்மென்ட் (ஏதாவது கெட்டால் திரும்பிப்போக சிஸ்டத்தின் பழைய நிலை) எடுத்து வைக்கும். பேக்கேஜ் முறையில் அப்கிரேடுக்கு முன்னால் 'பிஇசிடிஎல்' என்ற கட்டளை கொண்டு நாமே ஒன்று எடுத்துவிட வேண்டும்.

நான் ஓட்டுவது இசட்எஃப்எஸ் வைத்த சின்ன சர்வர்களில்தான். யூஎஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் எப்படி என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. பேக்கேஜ் வழியாக ஒரு பெரிய பதிப்பைத் தாண்டியதும் இல்லை.

ஏற்கெனவே 14-இல் நன்றாக ஓடும் இயந்திரத்தை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பழைய செட்கள் 15 முழுக்க இருக்கும், 16-இல் நிறுத்துவதாகத்தான் திட்டம். அதற்குள் மாறுவதென்றால் 'பிகேஜிபேசிஃபை' என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் முக்கியமில்லாத ஓர் இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள்.