தேனியிலிருந்து காணொளி வழியே உளவியல் ஆலோசனை: ஒரு மதிப்புரை

பணிச்சோர்வுக்கும் வாழ்க்கை மாற்றங்கள் தரும் தளர்ச்சிக்கும் இணையவழி உளவியல் ஆலோசனை பயன்படுமா என்று கேட்பவர்களுக்கு, பயன்படும் என்றே உறுதியாகச் சொல்வேன். ஆனால் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட, வாரந்தோறும் திரையில் நம் எதிரே அமர்பவர் தகுதி பெற்றவரா, அவர் மாறாமல் இருக்கிறாரா என்பதுதான் அந்தப் பயனைத் தீர்மானிக்கிறது. வங்கிக் கிளை மேலாளராகத் தேனிக்கு மாற்றலாகி வந்த ஆண்டிலேயே தந்தையை இழந்தேன். மகளும் மேற்படிப்புக்காக வெளியூர் சென்றுவிட்டாள். உறக்கம் கெட்டு, கிளைக்குள் நுழையவே மனம் வராத நிலையில் உதவி தேடியபோது, வாரம் ஒருமுறை நேரில் சென்று பார்க்கக்கூடிய தொலைவில் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. ஆகவே முதலில் சந்தா முறையில் இயங்கும் ஒரு தனியார் செயலியையும், பின்னர் சென்னையில் தனியாக ஆலோசனை வழங்கிவரும் மருத்துவ உளவியலாளர் ஒருவரையும் நாடினேன்.

செயலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பதிவு செய்வது எளிது, கட்டணமும் குறைவு. ஆனால் ஆலோசகர்கள் அடிக்கடி மாறினார்கள். தந்தையின் கடைசி நாள்களை மீண்டும் மீண்டும் புதியவர்களிடம் முதலிலிருந்து சொல்ல நேர்ந்தது, ஆறுதலுக்கு மாறாக அலுப்பையே தந்தது. அவர்களுடைய கல்வித் தகுதியும் செயலியில் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை. நம் நாட்டில் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளத் தனி உரிமம் தேவைப்படாத நிலை நெடுங்காலமாக இருந்துவருவதால், இதை ஒரு சிறு குறையாகக் கருத முடியாது. மருத்துவ உளவியலாளர் என்றால், இத்துறையினரைப் பதிவு செய்யும் சட்டபூர்வ அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (RCI) பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. நான் பின்னர் நாடிய உளவியலாளர் முதல் மின்னஞ்சலிலேயே அதைத் தாமாகக் குறிப்பிட்டிருந்தார்.

அவருடைய அணுகுமுறை தொடக்கத்திலேயே வேறாக இருந்தது. முதல் அமர்வு முழுவதும் உறக்கம், பசி, உடல்நிலை, முன்பு உட்கொண்ட மருந்துகள், வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதேனும் எழுந்ததா என்பன பற்றிய கேள்விகளிலேயே கழிந்தது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினரின் எண்ணையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும், "இன்னிக்கு எந்த ஊர்ல இருந்து பேசறீங்க மேடம்?" என்று கேட்பார், திரைக்கு அப்பால் இருப்பவருக்கு ஏதேனும் நேர்ந்தால் உதவியை எங்கே அனுப்புவது என்று அறிந்துவைத்திருக்கும் பொறுப்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது. எல்லாச் சோர்வையும் மனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்று சொல்லி, தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகளுக்கும் அனுப்பினார். இரும்புச்சத்துக் குறைவு இருப்பது அதில் தெரியவந்து, குடும்ப மருத்துவர் அதற்கான மாத்திரைகளைத் தொடங்கினார்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், பணிச்சோர்வை ஒரு நோயாக அன்றி, பணியிடத்தோடு தொடர்புடைய நிலையாகவே வகைப்படுத்தியிருக்கிறது. சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் ஆற்றல் வற்றிப்போவது, வேலையின்மீது விலகலும் வெறுப்பும் தோன்றுவது, செயல்திறன் குறைந்துவிட்டதாக உணர்வது ஆகிய மூன்றையும் அதன் அடையாளங்களாக அது குறிப்பிடுகிறது. உளவியலாளர் இதை எனக்கு விளக்கியபோது, என்னிடம் ஏதோ பழுது இருக்கிறது என்று நெடுநாளாக எண்ணியிருந்த எண்ணம் முதன்முறையாகத் தளர்ந்தது.

பணிச்சோர்வை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும், வேலைக்கும் மனிதருக்கும் இடையே பொருத்தம் குலையக்கூடிய ஆறு இடங்களைச் சொல்கிறார்கள்: வேலைப்பளு, முடிவெடுக்கும் உரிமை, உழைப்புக்கு ஈடான பலன், உடன் பணிபுரிவோர் உறவு, நியாயம், நாம் மதிக்கும் விழுமியங்கள். இந்த ஆறையும் முன்வைத்து எங்கள் அமர்வுகள் பல வாரங்கள் நடந்தன. வேலைப்பளுதான் என்னை வாட்டுகிறது என்று நம்பியிருந்தேன். பேசப் பேச, வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வரும் முதியவர்களிடம் அவர்களுக்குத் தேவைப்படாத காப்பீட்டுப் பாலிசியை விற்கச் சொல்லும் இலக்குதான் ஆழமாக அறுத்துக்கொண்டிருக்கிறது என்பது புலப்பட்டது. அது தெரிந்த பின்பே, மண்டல அலுவலகத்தில் எதை மறுப்பது, எதற்கு இணங்குவது, எந்தச் சொற்களில் சொல்வது என்பதை அவரோடு ஒத்திகை பார்க்க முடிந்தது. எந்த வேலை என்னிடமிருந்து எவ்வளவு ஆற்றலை எடுக்கிறது, எது திருப்பித் தருகிறது என்று நாள்தோறும் குறித்துவைக்கும் எளிய பயிற்சியும் உதவியது. வீரபாண்டி வரை சென்று முல்லைப் பெரியாற்றங்கரையில் நடந்துவரும் மாலைகள் அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் வழக்கமாயின.

துயரத்தை அவர் பணிச்சோர்வோடு சேர்த்துக் குழப்பவில்லை என்பதையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். தந்தை இறந்தது மார்ச் மாதத்தில். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஆண்டுக் கணக்கு முடிப்பதற்காகக் கிளைக்குத் திரும்பியிருந்தேன். அந்த இழப்புக்கென்று தனியே சில அமர்வுகளை ஒதுக்கி, அவசரப்படுத்தாமல் கேட்டார். நான் நினைத்த மாத்திரத்தில் தமிழிலேயே பேச முடிந்ததும், அழுகையோடு பேசியதையும் அவர் விளக்கம் கேட்காமல் புரிந்துகொண்டதும் இந்தச் சேவைக்கு நான் தரும் முதல் மதிப்பெண்ணுக்குக் காரணங்கள்.

குறைகளும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை வேண்டும். அது இல்லாதவர்கள் நிறுத்திவைத்த காரில் அமர்ந்து பேச வேண்டியிருக்கும். இணையம் துண்டிக்கப்படுகையில் பேச்சின் இழையும் அறுந்துபோகிறது. ஆலோசனையால் இலக்குகளைக் குறைக்க முடியாது; பணியிடம் மாற வேண்டிய இடத்தில் ஊழியரை மட்டும் பக்குவப்படுத்தி அனுப்பும் ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன். உளவியலாளர் மருந்து எழுதித் தர இயலாது. அதற்கு மனநல மருத்துவரே வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி அவரையும் காணொளியில் பார்க்க வழி இருக்கிறது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுபவர்கள் முன்பதிவு செய்து காத்திருக்கக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசிவழி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. பணம் செலவழிக்க இயலாதவர்களும் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களும் அங்கே தொடங்கலாம். ஆனால் ஒரே நபரோடு மாதக்கணக்கில் தொடரும் ஆலோசனைக்கு அது மாற்றாகாது.

நாம் சொல்வது எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். இணையவழி உளவியல் ஆலோசனை வழங்கும் அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர்களின் மனநலம் சார்ந்த தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலிய தளங்களோடு பகிர்ந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2023இல் அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. என் உளவியலாளர் அமர்வுகளைப் பதிவு செய்வதில்லை என்றும், குறிப்புகளை யார் பார்க்க முடியும் என்றும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதித் தந்தார்.

ஐம்பது நிமிட அமர்வுக்கு 1,500 ரூபாய். என் காப்பீட்டில் இதைத் திரும்பப் பெற வழியில்லை. முதலில் வாரம் ஒருமுறையும் பின்னர் மாதம் ஒருமுறையுமாக இடைவெளியை அவரே கூட்டினார், தேவையின்றித் தொடரவைக்கவில்லை. மாலை ஏழு மணிக்குப் பிந்தைய நேரங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், வேலைக்குச் செல்பவர்கள் ஒரு மாதத்துக்கான நேரத்தை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது.