கிராமத்து ஆரம்பப் பாடசாலை: முதலாம் தரத்துக்குச் சேர்க்கலாமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் உள்ள வகை 3 பாடசாலைகளை (ஐந்தாம் அல்லது எட்டாம் தரம் வரை மட்டும் உள்ளவை) பிள்ளைகள் குறைவு என்பதற்காக ஒதுக்காதீர்கள். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் எழுத்துப் பிடிபடாத பிள்ளை ஒளிந்திருக்க இடமில்லை. ஆசிரியர் பக்கத்தில் குந்தியிருந்து கையைப் பிடித்து 'ழ'வைச் சுழித்துக் காட்டுவார். அது பெரிய கொடுப்பினை.

பிழைக்கிற இடம் வேறு. ஆளணி போதாமல் இரண்டு மூன்று தரங்களை ஒருவரே பார்த்தால் முதலாம் தரம்தான் முதலில் அடிபடும். ஆகவே அதிபரிடம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்கமுதல், முதலாம் தரத்துக்குத் தனி ஆசிரியர் உண்டா, இடமாற்றம் கேட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். கொப்பிகளையும் புரட்டுங்கள்: எல்லாவற்றிலும் ஒரே வசனம் என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியதுதான். மாரியில் ஒருக்கால் போய், வீதியில் வெள்ளம் நிற்கிறதா, மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள்.

சேர்க்கிற ஆண்டு ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டினத்துப் பெரிய பாடசாலைதான் வேண்டுமென்றால் வதிவிடச் சான்றை முன்கூட்டியே சரிபாருங்கள். வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் அனுமதிக்கான புள்ளி குறையும்.