உங்கள் வருத்தம் எத்தனை பேருக்குத் தெரியவரும்? அக்ரஹார, குழுக் காப்புறுதி, தனிப் பொலிசி

மட்டக்களப்பில் மருத்துவக் காப்புறுதி பற்றிப் பேச்செடுத்தால், மாதம் எவ்வளவு போகும், எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதோடு கதை முடிந்துவிடும். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது வருத்தத்தை எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட் எத்தனை கை மாறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கருச்சிதைவு, மனநலச் சிகிச்சை, பிள்ளை இல்லாததற்குச் செய்த வைத்தியம் என்று எதுவும் அந்த ஒரு தாளில் இருக்கலாம். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கிற ஊரில் அது வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது.

அரச ஊழியரின் மருத்துவக் காப்புறுதியான அக்ரஹார, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கையில் இருக்கிறது. பணம் சம்பளத்திலேயே கழிந்துவிடும். ஆனால் கொடுப்பனவு கேட்கும் விண்ணப்பத்தை நிறுவனத் தலைவர் உறுதிப்படுத்த வேண்டும். அதாவது நிதியத்துக்குப் போகுமுன், பக்கத்து மேசையில் இருப்பவர் அதைப் பார்க்கலாம். மூடிய உறையில் நேரே தலைவரிடம் கொடுக்கக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனியார் நிறுவனம் ஊழியருக்கு எடுத்துத் தரும் குழுக் காப்புறுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. படிவம் மனிதவளப் பிரிவு வழியாகப் போவது ஒரு பக்கம். புதுப்பிக்கும்போது, அந்த வருடம் காப்புறுதிக் கம்பனி மொத்தம் எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கை வைத்துத்தான் அடுத்த கட்டணம் பேசப்படும். பெரிய நிறுவனத்தில் அது வெறும் தொகை. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்திலோ, பெயரே இல்லாவிட்டாலும் அது யாருடைய செலவு என்று முதலாளி ஊகித்துவிடுவார். வேலை தருபவரே வருத்தத்தையும் அறிந்தவராகிவிடுகிறார்.

நீங்களே கம்பனியிடம் எடுக்கும் தனிப் பொலிசிதான் அதிகம் கேள்வி கேட்கும். பொலிசி கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் நீங்கள் வைக்கும் கையெழுத்து, உங்களைப் பார்த்த வைத்தியரிடமும் ஆஸ்பத்திரியிலும் தகவல் பெறக் கம்பனிக்குப் பெரும்பாலும் அனுமதி கொடுத்துவிடும். வாசிக்காமல் வைக்காதீர்கள். அதற்காகச் சீனி வருத்தத்தை மறைக்கவும் கூடாது. பிறகு தெரியவந்தால் பணம் மறுக்கப்படலாம். எங்கள் பக்கத்தில் முகவர் பெரும்பாலும் மச்சானோ, கூடப் படித்தவரோதான். கார்ட்டைப் படமெடுத்து அவருக்கு வட்ஸ்அப்பில் போடுவது வழக்கமாகிவிட்டது.

என்றாலும் நான் தனிப் பொலிசியையே முன்னுக்கு வைப்பேன். இங்கே வேலைத்தலம் நடுவில் இல்லை, முகவரையும் விலக்கி வைக்கலாம். அரச ஊழியர் அக்ரஹாரவை விடத் தேவையில்லை. வெளியே தெரியக்கூடாத சிகிச்சைக்கு மட்டும் தனிப் பொலிசியைப் பயன்படுத்தலாம்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைக்கிறது. 2025 மார்ச்சில் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவிருந்தது தள்ளிப்போனது. ஆகவே முதல் காவல் நாங்கள்தான். பொலிசி எடுக்குமுன், ஆவணங்களை முகவர் இல்லாமல் நேரே கிளையிலோ கம்பனியின் செயலியிலோ கொடுக்கலாமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கம்பனிக்குப் போங்கள்.