சூரிச் ஏரிக்கரையில் குடியேற: ஸேஃபெல்டா, வொலிஸ்ஹோஃபனா?

சூரிச்சில் வேலை கிடைத்து வருகிறவர்கள் வீடு தேடும்போது முதலில் காதில் விழும் பெயர் ஸேஃபெல்ட். ஓபரா ஹவுஸுக்குப் பக்கத்தில் தொடங்கி, ஏரியின் வலக்கரையை ஒட்டியே டீஃபன்புருனன் ரயில் நிலையம் வரை நீளும் எட்டாவது வட்டத்துப் பகுதி அது. நேர் எதிர்க்கரையில் இரண்டாவது வட்டம்: முதலில் எங்கெ (Enge) என்ற பகுதி, அதைத் தாண்டினால் வொலிஸ்ஹோஃபன். இரண்டு கரைக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர் தண்ணீர்தான். கோடையில் இடக்கரையிலிருந்து நீந்தி டீஃபன்புருனனில் ஏறும் நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். 1963இல் ஏரி முழுக்க உறைந்தபோது ஜனங்கள் நடந்தே கடந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வாடகை, வெயில், குணம் மூன்றிலும் இவை ஒட்டாத ஊர்கள். என் ஓட்டு இடக்கரைக்குத்தான். ஆனால் வலக்கரையின் பெருமையை மறைத்துப் பேசினால் அது நியாயமில்லை.

வெயிலில் தொடங்கலாம். ஸேஃபெல்ட் மேற்கைப் பார்த்த கரை. ஊட்லிபெர்க் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் வரை சாயங்கால வெயில் முழுக்க அதற்குத்தான். இடக்கரை அந்த மலையின் பக்கமாகவே இருப்பதால் நிழல் சீக்கிரம் விழுந்துவிடும். வலக்கரை நெடுகத் தங்கக் கரை என்று பெயர் வாங்கியதற்கும், எதிர்க்கரைக்குச் சளிபிடித்த கரை என்று உள்ளூர்க்காரர்கள் பட்டம் கட்டியதற்கும் இந்த வெயிலுக்குப் பங்கு உண்டு. நவம்பரில் மூடுபனி வந்து உட்கார்ந்துவிட்டால் இந்த வித்தியாசமெல்லாம் காலணாவுக்குப் பிரயோஜனமில்லை, அது வேறு விஷயம்.

ஏரியோரம் காலாற நடக்க வேண்டுமென்றால் வலக்கரையை அடித்துக்கொள்ள முடியாது. அர்னோல்ட் பியூர்க்லி என்ற பொறியாளர் தலைமையில் கரையைத் தூர்த்துக் கட்டி, 1887இல் திறந்துவிட்ட நடைபாதை இன்றைக்கும் எல்லோருக்கும் பொது. 1890இல் கட்டிய ஊட்டோகே குளியல்துறை இன்னும் மரப்பலகையோடு தண்ணீர்மேல் நிற்கிறது. அதைத் தாண்டிப் போனால் ட்ஸூரிஷ்ஹார்ன் பூங்கா. குடிநீர், வடிகால் வேலைகளில் சூரிச் செய்த உதவிக்கு நன்றியாக குன்மிங் நகரம் கட்டிக்கொடுத்த சீனத் தோட்டமும், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே இறந்தபின் 1967இல் முடிந்த அவருடைய கடைசிக் கட்டடமும் அங்கேதான். பக்கத்திலேயே டிங்கிலி என்ற சுவிஸ் சிற்பி செய்த இரும்பு இயந்திரம் ஒன்று. சும்மா இருக்கும்போது துருப்பிடித்த பழைய சாமான் குவியல் மாதிரி தெரியும். கோடையில் குறித்த நேரத்துக்கு அதை ஓட்டுவார்கள்: சக்கரம் சுற்றும், தண்டு ஏறி இறங்கும், கிறீச்சிடும், எதையும் உற்பத்தி செய்யாது. சின்னப் பிள்ளைகள் அசையாமல் நின்று பார்ப்பார்கள்.

சரி, குறை? பெலரிவ் ஷ்ட்ராசே. குடியிருப்புக்கும் ஏரிக்கும் நடுவே நாலு தடத்தில் ஓடும் சாலை. தண்ணீர் பக்கத்து ஜன்னல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், கார் சத்தமும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய குறை காசு. 1970, 80களில் தெருவோரப் பாலியல் தொழிலுக்குப் பேர்போன பேட்டை இது. அப்புறம் கட்டடங்களைப் புதுப்பித்தார்கள், வாடகை ஏறியது, பழைய குடித்தனக்காரர்கள் நகர்ந்தார்கள். எந்த அளவுக்கென்றால், இந்தப் போக்கு வேறு எங்கு நடந்தாலும் அதற்கு ஸேஃபெல்டின் பெயரையே சேர்த்துச் சொல்கிறார்கள். இப்போது முழு நகரத்திலுமே இடமில்லை: 2024 ஜூன் 1ஆம் தேதிக் கணக்கில் காலி வீடுகள் 0.07 சதவீதம்தான். அதிலும் ஸேஃபெல்ட் கேட்பது, வாடகையைக் கம்பெனி கொடுக்கிறது என்றால் மட்டும்தான் புத்திசாலித்தனம்.

இனி இடக்கரை. எங்கெ பாதி அலுவலகப் பகுதி. ஏரியைப் பார்த்துப் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள்; உள்ளே தள்ளி, ஹியூர்லிமான் மதுபான ஆலை இருந்த வளாகத்தில் கூகுள். அங்கே வேலை என்றால் நடந்தே போய்விடலாம். ஆனால் ராத்திரி ஒன்பதுக்குமேல் தெரு வெறிச்சோடிவிடும். அதற்கு ஈடாக ரீட்டர் பூங்கா இருக்கிறது. அதற்குள் வேசன்டாங்க் மாளிகையில் 1952இல் திறந்த ரீட்பெர்க் அருங்காட்சியகம். ஆசிய, ஆப்பிரிக்க, அமெரிக்க, ஓசியானியக் கலைக்காக என்றே உள்ளது. எட்வர்ட் ஃபான் டெர் ஹைட் என்ற வங்கியாளர் கொடுத்த சேகரிப்பில் சோழர் காலத்து நடராசர் வெண்கலமும் ஒன்று. நம்மவர்கள் அதற்காகவாவது ஒருமுறை போக வேண்டும்.

என் மனம் நிற்பது இன்னும் தெற்கே, வொலிஸ்ஹோஃபனில். அங்கே ஏரியோரம் செங்கல் கட்டடம் ஒன்று, ரோட்டே ஃபாப்ரிக். 1892இல் பட்டு நெசவாலையாகக் கட்டியது. பின்னாளில் நகராட்சி வாங்கி, சாலைக்காக இடிக்க நினைத்தது. மக்கள் 1977இல் வாக்களித்து அதைக் கலை மையமாக்கச் சொன்னார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. 1980 மே மாதம், எதிர்க்கரை ஓபரா ஹவுஸுக்கு மட்டும் 60 மில்லியன் பிராங்க் ஒதுக்கியதை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், கலவரமானது. அந்த வருடமே ஆலைக் கதவு திறந்தது. இன்றைக்கும் சுவரெல்லாம் கிறுக்கல், உள்ளே கச்சேரி, வெளியே தண்ணீரைப் பார்த்தபடி மேசைகள். பக்கத்துப் படகுத்துறையிலிருந்து இங்கே கரையோரமாக வர வழியில்லாமல் இருந்ததால், தண்ணீருக்கு மேலேயே ஒரு நடைப்பாலம் போட்டு 2015இல் திறந்தார்கள். அதில் நடக்கும்போது இடுக்கு வழியாகக் காலடியில் ஏரி தெரியும்.

1939இல் தேசியப் பொருட்காட்சி இரு கரையிலும் நடந்தது. நவீன சுவிட்சர்லாந்தை இடக்கரையிலும், கிராமத்து வீடுகளையும் விவசாயத்தையும் வலக்கரையிலும் காட்டி, நடுவே ரோப் கார் ஓட்டினார்கள். 1959இல் ஒரு தோட்டக்கலைக் கண்காட்சிக்காக மறுபடி ஓடியது. மாநில வங்கி தன் 150ஆவது ஆண்டுக்கு இன்னொன்று கட்டப் பார்த்து, ஆட்சேபங்களில் சிக்கி நின்றுவிட்டது. கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை இருந்திருக்காது: இடக்கரையில் குடியிருந்து, மாலை வெயிலுக்கு அந்தப் பக்கம் போய் வந்திருக்கலாம்.

போக்குவரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஸேஃபெல்டுக்கு 2, 4 டிராம்கள், வொலிஸ்ஹோஃபனுக்கு 7. இரண்டு பக்கமும் புறநகர் ரயில் உண்டு. நகர மையத்துக்கு ஸேஃபெல்ட் கொஞ்சம் கிட்ட.

வொலிஸ்ஹோஃபனின் உண்மையான பலம் கூட்டுறவு வீடுகள். 1916இல் தொடங்கிய ஏபிஇஸட் (ABZ) என்ற வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் என்ட்லிஸ்பெர்க் குடியிருப்பு இங்கேதான். லாபம் வைக்காமல் அடக்கச் செலவுக்கே வாடகை. பங்கு வாங்க வேண்டும், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். வீடு சீக்கிரம் காலியாகாது, அதனால் வந்த முதல் மாதமே எந்தச் சங்கம் எப்போது விண்ணப்பம் வாங்குகிறது என்று பார்த்துவையுங்கள். தனியார் வீடு என்றால் மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கடன் வசூல் நடவடிக்கை எதுவும் உங்கள்மேல் இல்லை என்கிற சான்றிதழை வீடு பார்க்கப் போகும்போதே கையில் எடுத்துப் போங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரிடம் நிச்சயம் இருக்கும்.