உப்புக் காற்றில் ஒரு இரும்பு இராக்கை

உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். படகு இயந்திரம் திருத்துவதுதான் வேலை. சாமான் அடுக்க, திருகோணமலை நகரத்துக் கடையொன்றில் துளை போட்ட ஆங்கிள் இரும்பு இராக்கை வாங்கினேன். நான்கு கால், ஐந்து தட்டு, ஆறடி உயரம்.

கடைக்காரத் தம்பி, “அண்ணை, நட்டை இறுக்கினால் சரி, மலை மாதிரி நிற்கும்” என்றார். நின்றது, ஆனால் ஆடியபடி. கட்டுக்குள் மூலைத் தகடு எட்டுத்தான் இருந்தது. அந்த முக்கோணத் தகடு இல்லாவிட்டால் நாற்கோணச் சட்டம் பக்கவாட்டில் சரியத்தான் பார்க்கும். திரும்பப் போய் இன்னும் எட்டு வாங்கிப் பூட்டிய பிறகே அடங்கியது.

தட்டு மெல்லிய தகடு. மூன்றடி நீளத்தின் நடுவில் கியர் பொக்ஸை வைத்ததும் தொட்டில்போல வளைந்தது. அடியில் குறுக்கே ஒரு ஆங்கிள் துண்டு கொடுத்தேன். தாங்கும் இடைவெளி பாதியானால், நடுவில் வைக்கும் அதே பாரத்துக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

சுவரோடும் பிணைத்தேன். எங்கள் சுவர் உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல். திருகாணிக்காகத் துளையில் செருகும் பிளக் சும்மா சுழன்றது. கொங்கிறீட் தூணில் துளைத்ததும் பிடித்தது.

வெட்டிய முனைகளில் மாரி முடியும் முன்னரே துரு. துருவைத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பெயின்ற் பூசாமல் கடற்கரைப் பக்கம் பூட்ட வேண்டாம்.

விலைக்கு மோசமில்லை. தம்பி மறுபேச்சில்லாமல் தகடு தந்ததற்காகவே அடுத்ததையும் அங்கே வாங்குவேன். இப்போது கீழ்த்தட்டில் என்ஜின், மேலே பெயின்ற் டின். நடுத்தட்டில் மனைவியின் ஊறுகாய்ப் போத்தல் எப்போது ஏறியது என்றுதான் தெரியவில்லை.