முதிய இதய நோயாளிக்காக முடிவெடுப்பவர் யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்திலுள்ள எங்கள் வீட்டில் 79 வயதான மாமனாருக்கு இதய வால்வு மிகவும் சுருங்கிவிட்டதாகத் தெரியவந்தபோது, மார்பைத் திறந்து வால்வை மாற்றுவதா, தொடை இரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைச் செலுத்துவதா, மருந்தோடு நிறுத்திக்கொள்வதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. மருந்து மூச்சுத்திணறலைக் குறைக்குமே தவிர, சுருங்கிய வால்வைத் திறக்காது. ஆனால் எங்கள் குடும்பம் சிகிச்சையைப் பற்றிப் பேசியதைவிட, யார் பேசுவது என்பதில்தான் அதிக நாட்களைச் செலவிட்டது.

மூத்த மகன் பொறுப்பேற்பது நம்மவர்களுக்குப் பழகிய வழி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த என் கணவரின் அண்ணன், "அப்பாவிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்" என்று மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்டுக்கொண்டார். அவர் அன்பினால்தான் அப்படிச் செய்தார் என்பதை நான் அறிவேன். மருத்துவமனைக்கும் ஒரே ஆளிடம் பேசுவது எளிது. ஆயினும் தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், நோயின் நிலை, கிடைக்கக்கூடிய சிகிச்சைகள், அவற்றின் நன்மை, ஆபத்து, செலவு ஆகியவற்றை நோயாளியிடமே கூற வேண்டும் என்கிறது. சொல்வது அவர் நலனுக்கே கேடாகும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தால் மட்டுமே நோயின் நிலையை மறைக்க இடமுண்டு. பயந்துவிடுவார் என்ற நம் ஊகம் அத்தகைய ஆதாரம் ஆகாது. மாமா விஷயத்தை அறிந்த அன்று கோபப்படவில்லை. இரண்டு நாட்கள் யாரோடும் பேசாமல் இருந்தார்.

இதற்கு நேரெதிரானது, பெரியவர் தனியாகவே மருத்துவரைச் சந்தித்து முடிவெடுப்பது. அவருடைய உடல் அவருடையது என்பதால் இது எனக்கு முதல் வழியைவிட நேர்மையாகத் தோன்றுகிறது. ஆனால் இதய நோயில் முடிவுக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் வீட்டில்தான் கிடைக்கிறது. "இரவில் தூக்கம் எப்படி?" என்று மருத்துவர் கேட்டபோது, "நன்றாகத் தூங்குகிறேன்" என்றார் மாமா. முன்பு ஒரு தலையணையோடு படுத்தவர் இப்போது மூன்றை அடுக்கி, ஏறக்குறைய உட்கார்ந்தபடியே உறங்குகிறார் என்பதை, ஒவ்வோர் இரவும் அவற்றை அடுக்கித் தரும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று நாட்களில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று ஐயுற வேண்டும். அந்த எடையைக் குறித்து வைக்கும் நோட்டும் என் கையில்தான் இருந்தது. இங்குள்ள நம் முதியவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். எனவே மொழி தடையன்று, மருத்துவர் முன்னால் குறை சொல்லாத பழக்கமே தடை.

மூன்றாவது வழி, கேள்விகள் அவரிடமே கேட்கப்பட, கவனித்துக்கொள்பவர் அருகிலிருந்து கண்டதைச் சொல்லி, முடிவை அவருக்கே விடுவது. இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், சில வேளை அங்கேயே வாக்குவாதமும் எழும். அப்படியிருந்தும் நான் இதன் பக்கமே நிற்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. நோயாளி சம்மதம் தர இயலாத நிலைக்குப் போய்விட்டால், அவர் எழுத்தில் யாரையும் நியமிக்காதபோது, முதலில் கணவன் அல்லது மனைவி, அவர் இல்லையெனில் பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற வரிசையில் சட்டம் செல்கிறது. அந்த வரிசையில் மருமகள் இல்லை. நீர் மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்து, கணுக்கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பவளுக்குச் சட்டப்படி சொல்லே இல்லை என்பது என்னை வருத்துகிறது. வழக்கறிஞரிடம் எழுதும் பொது அதிகாரப் பத்திரம் இதற்கு உதவாது. எழுதியவரின் அறிவு மங்கிவிட்டால் இந்நாட்டில் அது செல்லாமல் போய்விடும்.

ஆகவே மாமா சாதாரணத் தாளில் இரண்டு செய்திகளை எழுதிக் கையெழுத்திட்டார். தம் மருத்துவ விவரங்களை மருத்துவர் என்னோடு பேசலாம் என்பது ஒன்று. தம்மால் இயலாதபோது என் கணவரும் நானும் சம்மதம் தரலாம் என்பது மற்றொன்று. அண்ணனிடம் தாமே தொலைபேசியில் படித்துக் காட்டினார். தொடை வழியாக வால்வு வைத்துக்கொள்வது என்ற முடிவையும் அதே அழைப்பில் அவரே தெரிவித்தார்.