குடும்பத்தோடு புதுச்சேரியில் மூன்று நாள், ஒரே லென்ஸ்: கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம்

பொங்கல் விடுமுறையில் கடலூரிலிருந்து நாங்கள் எட்டுப் பேர் புதுச்சேரிக்குச் சென்று மூன்று நாள் தங்கினோம். என்னிடம் இருப்பது கேனான் 1500டி கேமரா. அதனுடன் வந்த 18-55 ஜூம் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, இந்த 50 மி.மீ. லென்ஸை மட்டும் எடுத்துச் சென்றேன். புகைப்படம் எனக்குத் தொழில் அன்று. பயணங்களில் வீட்டாரைப் படம் எடுப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டு, அவ்வளவுதான். என்னைப் போன்றவர்களுக்கு இந்த லென்ஸ் எவ்வளவு பயன்படும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

2015-இல் வெளிவந்த இந்த லென்ஸின் எடை ஏறத்தாழ 160 கிராம். முந்தைய மாதிரியில் பிளாஸ்டிக்காக இருந்த, கேமராவில் பொருந்தும் வளையம் இதில் உலோகத்தால் ஆனது. முன்பு 45 சென்டிமீட்டருக்கு மேல் நெருங்க முடியாது. இதில் 35 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். ஆனால் இதை வாங்குவதற்கான உண்மையான காரணம் எஃப் 1.8 என்ற எண்தான். ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிக்கும் இந்த எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். ஜூம் லென்ஸை 55 மி.மீ.-க்கு நீட்டினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அதோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. விடியற்காலையிலும், விளக்கு மங்கலான உணவகத்திலும், பிளாஷ் இல்லாமலே குழந்தைகளின் முகத்தைப் பதிவு செய்ய முடிந்தது இதனால்தான்.

1500டி போன்ற சிறிய சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் தகடு) உள்ள கேமராக்களில் இந்த லென்ஸ் 80 மி.மீ. லென்ஸைப் போலக் காட்சியைக் குறுக்கிவிடும். சுற்றுலாவுக்கு இது பொருந்தாது என்று பலர் சொல்வதும் இதனால்தான். அது உண்மையே. 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தை அடிமுதல் முடிவரை ஒரே படத்தில் எடுக்க வெகுதூரம் பின்னே போக வேண்டியிருந்தது; காந்தி சிலையும் சுற்றியுள்ள கருங்கல் தூண்களும் அருகில் நின்றால் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. ஆயினும் இந்தக் குறையையே நான் இந்த லென்ஸின் பெரும்பயனாகக் கருதுகிறேன். கட்டடங்களை எடுக்க முடியாதபோது கண் தானாகவே மனிதர்களிடம் திரும்புகிறது. முந்தைய பயணங்களில் நான் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஊர் இருக்கிறது, என் அம்மா ஓர் ஓரத்தில் விரல்நுனி அளவுக்கு இருக்கிறார். இந்த முறை அம்மா இருக்கிறார். அவருக்குப் பின்னால் ஊர் மெல்லிய வண்ணமாகக் கரைந்து நிற்கிறது.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வாகனங்களை அனுமதிப்பதில்லை. ஆகவே விடிந்ததும் அங்கே போவது படம் எடுப்பவர்களுக்கு மிகவும் உகந்தது. எல்லோரும் கடலைப் பின்னணியாக வைத்து நிற்கிறார்கள். கிழக்கே சூரியன் எழும்போது அப்படி எடுத்தால் முகம் கறுத்துப்போகும். நான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கடலைப் பார்த்தபடி நின்ற அம்மாவை எடுத்தேன். "என்னை எதுக்குப்பா எடுக்கிற, கடலை எடு" என்றார். அப்படிச் சொல்லும்போதே எடுத்த படம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தவற்றுள் மிகச் சிறந்தது. காலை வெயில் நேராக முகத்தில் விழுந்து, நெற்றிச் சுருக்கமும் மூக்குத்தியின் ஒளியும் ஒருசேரத் தெளிவாகப் பதிந்திருந்தன.

பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்கள் வேறொரு பாடத்தைக் கற்பித்தன. வெயில் படும் சுவருக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் கண் கூசும், நிழல் கடுமையாக விழும். நிழலில் இருக்கும் சுவரோரம் நிறுத்தினால், எதிர்ச்சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து முகத்தை மென்மையாக நிரப்புகிறது. அந்த ஒளியில் மஞ்சள் சற்றுக் கூடுதலாகக் கலந்திருக்கும் என்பதால், ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமரா நிறங்களைச் சமன்செய்யும் அமைப்பை, தானியங்கி நிலையில் விடாமல் நிழலுக்கு உரியதாக வைத்து, பின்னர் கணினியில் மஞ்சளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். இவை மக்கள் குடியிருக்கும் தெருக்கள். வாசலில் ஒருவர் அமர்ந்திருந்தால் கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

இந்த லென்ஸ் உண்மையிலேயே தடுமாறும் இடம் குடும்பக் குழுப்படம். எட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்க ஏறத்தாழ 4 மீட்டர் அகலம் வேண்டும். அதை முழுவதும் அடக்க நான் 9 மீட்டராவது பின்னே செல்ல வேண்டும். குறுகலான தெருவின் குறுக்கே அதற்கு இடம் இல்லை. நீளவாக்கில் பின்னே போனால் இடையில் இருசக்கர வாகனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்கு எதிரே புல்வெளியில் நான்கு பேரை உட்கார வைத்து, மற்றவர்களைப் பின்னால் நிற்க வைத்தபோதுதான் அது கைகூடியது. மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. எஃப் 1.8-இல், இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால், ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக இருக்கும். முதல் நாள் இதைக் கவனிக்காமல் எடுத்த படத்தில் அப்பா தெளிவாகவும், அவர் தோளுக்குப் பின்னால் நின்ற தங்கை மங்கலாகவும் பதிந்துவிட்டனர். ஒருவர் மட்டும் என்றால் எஃப் 2.2, இருவர் மூவர் என்றால் எஃப் 4, வீட்டார் எல்லோரும் என்றால் எஃப் 5.6 என்று மறுநாளிலிருந்து வைத்துக்கொண்டேன். லென்ஸில் நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இல்லாததால், ஷட்டர் வேகம் நொடியில் நூறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் குழந்தைகளுக்கு ஐந்நூறில் ஒரு பங்கு தேவை.

திரும்பும் வழியில் கடலூர் வெள்ளிக் கடற்கரையில் ஒரு மணி நேரம் இருந்தோம். ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் முன்பகுதி சற்று வெளியே நீளும். அந்த நிலையில் கேமராவை அணைத்துப் பையில் திணித்தால் அடிபடக்கூடும். ஃபோகஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கு உரிய நிலையில்) வைத்து உள்ளே இழுத்தபின் அணைப்பது நல்லது. உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் 49 மி.மீ. கண்ணாடி வடிகட்டி (ஃபில்டர்) ஒன்றை முன்னால் மாட்டியிருந்தேன். ஒரே லென்ஸுடன் சென்றதால் கடற்கரையில் லென்ஸ் மாற்றிச் சென்சாரில் மணல் சேரும் கவலையும் இல்லை.

இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளப் படம் எடுப்பவர்களும், எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுப்படங்களையே பெரிதும் விரும்புபவர்களும் 18-55 லென்ஸையே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் வயதானவர்களும் சிறு குழந்தைகளும் இருப்பவர்களுக்கு, கேனான் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றுள் ஒன்றான இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வைத்திருப்பவர்கள் இதை இணைப்பு வளையம் இல்லாமல் பொருத்த முடியாது; அவர்களுக்கென்று ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 2020-இலேயே வந்துவிட்டது.